எச்310 போர்டு டெட்: ரீஃபர்பிஷ்டா, புதுசா?

கேள்வி: தாராபுரத்தில் சின்னதாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் டிசைன், பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். ஐ5-8400 பிராசசர், எச்310 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, எஸ்எஸ்டி. 2018 கடைசியில் அசெம்பிள் செய்தது. போன வாரம் கரண்ட் போய் வந்த பிறகு, பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் இரண்டு விநாடி சுற்றி நிற்கிறது, தானே மறுபடி சுற்றுகிறது. டிஸ்ப்ளே வரவில்லை. போர்டு டெட் என்கிறார் சர்வீஸ்காரர். பெரிய கம்பெனியின் ரீஃபர்பிஷ்ட், அதாவது சரிபார்த்து விற்கிற பழைய எச்310 போர்டு 3,200 ரூபாய், ஒரு மாத வாரண்டி. கேள்விப்படாத பிராண்டில் புது எச்310 போர்டு 4,300, ஒரு வருஷ வாரண்டி. இல்லையென்றால் புது எச்610 போர்டும் ஐ3-12100 பிராசசரும் சேர்த்து 15,500. முகூர்த்த சீசன் நெருங்குகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் பிராசசர் உயிரோடு இருந்தால் 3,200 ரூபாய் போர்டை எடுங்கள். ஆனால் ஒரு மாத வாரண்டிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதமாவது கேளுங்கள். கூடவே புது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஒன்று போடுங்கள். பிராசசரும் போயிருந்தால் யோசிக்காமல் எச்610 பக்கம் போய்விடுங்கள். 4,300 ரூபாய் போர்டு இரண்டு நிலையிலும் வேண்டாம்.

எந்தக் கடையிலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் பிராசசர் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்தாக வேண்டும். ஃபேன் சுற்றி, நின்று, மறுபடி சுற்றுவது போர்டு டெட் என்பதற்கு மட்டுமான அடையாளம் அல்ல. எஸ்எம்பிஎஸ் தளர்ந்திருந்தாலும், ரேம் சரியாக உட்காரவில்லை என்றாலும், பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) கெட்டிருந்தாலும் இதே கூத்துதான் நடக்கும். எனவே முதலில் செலவில்லாத வேலைகளை முடியுங்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதுசு மாற்றுங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எடுத்துவிட்டு போர்டிலேயே உள்ள விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ போர்ட்டில் மானிட்டரைச் செருகுங்கள். ஐ5-8400-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. ஒரே ஒரு ரேமை வைத்து, இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால், பிராசசருக்குத் தனியாகப் போகும் 4 அல்லது 8 பின் மஞ்சள்-கறுப்பு கேபிளை மட்டும் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால் பழுது பிராசசர் பவர் பகுதியில் இருக்கிறது என்று பொருள். பவரை முழுக்க எடுத்துவிட்டு, போர்டில் அந்தக் கேபிள் செருகும் சாக்கெட்டில், மஞ்சள் வயர் வரும் பின்னுக்கும் கறுப்பு வயர் வரும் பின்னுக்கும் நடுவே மீட்டரை பீப் நிலையில் வைக்க வேண்டும். ஒரு கணம் பீப் அடித்து நின்றால் பரவாயில்லை, கெபாசிட்டர் சார்ஜ் ஆகிற சத்தம் அது. விடாமல் அடித்தால், பிராசசருக்கு வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கும். ஒன்றேகால் வோல்ட் வாக்கில் ஓடுகிற பிராசசருக்குள் அந்த நேரத்தில் 12 வோல்ட் பாய்ந்திருக்கக் கூடும். அப்படியென்றால் பிராசசரைச் சோதிக்காமல் போர்டு வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

பிராசசரைச் சோதிக்கும்போது பல கடைகளில் ஒரு தவறு நடக்கிறது. ஐ5-8400 உட்காரும் எல்ஜிஏ1151 சாக்கெட், 6, 7-ஆம் தலைமுறை போர்டுகளில் இருப்பதைப் போலவே இருக்கும். பிராசசர் அழகாகப் பொருந்தும், ஆனால் ஓடாது. கையில் கிடைத்த எச்110 போர்டில் போட்டுப் பார்த்து ‘பிராசசரும் போச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். எச்310, பி360, பி365, எச்370, இசட்370, இசட்390 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் போட்டுப் பார்த்தால்தான் அந்தத் தீர்ப்பு செல்லும். அப்படி ஒரு போர்டு உங்கள் சர்வீஸ்காரரிடம் இல்லையென்றால், ரீஃபர்பிஷ்ட் போர்டு விற்கிற கடைக்கே பிராசசரையும் ரேமையும் எடுத்துப் போங்கள். அந்தக் கடையில் கட்டாயம் இருக்கும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்துக்கு வருவோம். கரண்ட் போய் வந்த பிறகு செத்த போர்டு என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும். பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. லோடு இல்லாத நிலையில் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல பிள்ளைதான். ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, வேலை நடக்கும்போது அளக்க வேண்டும். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவிலும், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவிலும் நிற்க வேண்டும். 2018-இல் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் உங்களிடம் இருக்குமானால் அளக்கவும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள். 80 பிளஸ் ப்ரோன்ஸ் (Bronze) முத்திரையுள்ள 450 வாட் ஒன்று மூவாயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் மாற்று போர்டை மாட்டி அதையும் பலி கொடுத்தால் கடைக்காரர் வாரண்டியில் சேர்க்க மாட்டார். போர்டு கருகினால் ‘பர்ன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கடையின் எர்த்தையும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எந்த போர்டும் அங்கே நிம்மதியாக இருக்காது.

பிராசசர் பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரீஃபர்பிஷ்ட் என்ற பெயரில் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் மூன்று விதமான சரக்கு விற்கிறது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, துடைத்து, சோதித்து விற்பது ஒன்று. செத்த போர்டை சிப் லெவலில் பழுது பார்த்து விற்பது இரண்டாவது. கம்பெனி கம்ப்யூட்டர்களை லாட்டாக எடுத்து அவற்றின் போர்டைத் தனியாக விற்பது மூன்றாவது.

மூன்றாவது உங்களுக்குப் பொருந்தாது. டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்களின் போர்டில் பெரும்பாலும் நம்முடைய 24 பின் பவர் சாக்கெட் இருக்காது. 6, 8, 10, 14 பின் என்று ஆளுக்கொரு கணக்கு. கன்வெர்ட்டர் கேபிள் விற்கிறார்கள், ஓடவும் செய்யும். ஆனால் முன்பக்க பட்டன் கனெக்டர் வேறு, ஃபேன் கனெக்டர் வேறு, கேபினெட்டில் திருகு ஓட்டையும் சில சமயம் ஒத்து வராது. விலை குறைவாகச் சொன்னாலும் வேண்டாம்.

முதல் இரண்டையும் பிரித்தறிவதில்தான் உங்கள் 3,200 ரூபாய் நிற்கிறது. கழற்றி எடுத்த போர்டு இன்னும் சில வருஷம் சாதாரணமாக ஓடும். மாஸ்ஃபெட் மாற்றிய போர்டும் வேலை சுத்தமாக இருந்தால் ஓடும். போர்டின் பாகங்களை இணைக்கும் பெரிய சிப்பான சிப்செட்டுக்குச் சூடு கொடுத்து ‘உயிர்ப்பித்த’ போர்டுதான் ஆபத்து. சிப்புக்கு அடியிலுள்ள ஈயக் குண்டுகளில் விரிசல் விட்டிருக்கும். ஹாட் ஏர் அடித்தால் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். சில வாரத்திலோ சில மாதத்திலோ பழைய குருடி கதவைத் திறடி. ஒரு மாத வாரண்டி என்று கடைக்காரர் சொல்லும்போது அவர் மனதில் ஓடும் கணக்கு இதுதான். கழற்றி எடுத்த சரக்கு என்று அவருக்கே நம்பிக்கை இருந்தால் மூன்று மாதம் கொடுக்கத் தயங்க மாட்டார், ஆறு மாதம் தருபவர்களும் உண்டு. வாரண்டியைக் கூட்டிக் கேட்டதும் முகம் மாறினால் அதுவே பதில்.

போர்டைக் கையில் வாங்கியதும் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். முதலில் சாக்கெட். அதன் கறுப்பு மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் ஓரத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். ஆயிரத்துச் சொச்சம் பின்களும் ஒரே திசையில் வரிசையாக மின்ன வேண்டும். ஒன்று மட்டும் மின்னாமல் இருண்டோ, பக்கத்துப் பின் மேல் சாய்ந்தோ இருந்தால் வளைந்திருக்கிறது, அல்லது ஒடிந்தே போயிருக்கிறது. போர்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி இன்னொரு முறை பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து தெரியாதது மறுபக்கத்திலிருந்து தெரியும். இதே இடத்தில், கடைக்காரர் பார்க்கும்படியே, சாக்கெட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் திருப்பிக் கொண்டு போகும்போது ‘பின் வளைந்திருக்கிறது, வாரண்டி இல்லை’ என்று சொல்வதுதான் வழக்கமான வாய்தா. உங்களுக்கு க்ளோசப் எடுக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து சிப்செட்டின் ஹீட்சிங்கைச் சுற்றிப் பாருங்கள். மஞ்சளாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது ஃப்ளக்ஸ், ஈயம் பற்ற வைக்கத் தடவும் பசை. அங்கே சூடு வைத்திருக்கிறார்கள். பக்கத்திலுள்ள சாட்டா சாக்கெட்டின் (எஸ்எஸ்டி கேபிள் செருகும் இடம்) பிளாஸ்டிக் ஓரம் லேசாகச் சுருங்கி இருப்பதும், அந்தப் பகுதி போர்டு மட்டும் நிறம் கறுத்திருப்பதும் அதே கதைதான். போர்டைக் கண் மட்டத்தில் பிடித்து ஓரமாகப் பார்த்தால் வளைவு தெரியும். பயாஸ் சிப் எட்டுக் காலுள்ள சின்னச் சதுரம். அதன் கால்களில் மட்டும் ஈயம் புதுசாகப் பளபளத்தால் மாற்றியிருக்கிறார்கள். அது பெரிய குறை அல்ல, ஆனால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். இன்டெல் லேன் (நெட்வொர்க்) சிப் உள்ள போர்டில் வேறொரு போர்டின் பயாஸை அரைகுறையாக ஏற்றியிருந்தால் மேக் அட்ரஸ், அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், 88-88-88-88-87-88 என்று காட்டும். ஒரே கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் அதனால் தொல்லை இல்லை. சிப் லெவல் வேலை நடந்த போர்டு என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

பின்பக்கத் தகடு, அதாவது ஐஓ ஷீல்டு, சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ரீஃபர்பிஷ்ட் போர்டோடு பெரும்பாலும் அதைத் தருவதில்லை. அந்த ஓட்டை வழியாகப் பல்லி புகுந்து போர்டு மேல் செத்து ஷார்ட் ஆவது நம் ஊரில் புதுசல்ல.

கண்ணால் பார்த்து முடிந்ததும் உங்கள் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் மாட்டி அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு ரேமும் சேர்ந்து 16 ஜிபி காட்டுகிறதா? ஒரு ஸ்லாட் மட்டும் எடுக்கவில்லை என்றால் பிராசசரின் அடிப்பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் எடுக்காவிட்டால் சாக்கெட்டில் பின் பிரச்சினையாக இருக்கலாம், போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் ஒரே பென் டிரைவை மாற்றி மாற்றிச் செருகுங்கள். லேன், ஆடியோ, ஒவ்வொரு சாட்டாவும் ஓடுகிறதா பாருங்கள்.

மீதிச் சோதனை உங்கள் ஸ்டுடியோவில், முதல் இரண்டு நாளில். ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட விட்டுவிட்டுப் போங்கள். 16 ஜிபிக்கு ஒரு பாஸ் முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் தோல்விதான். பகலில் பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் ஓசிசிடி அல்லது பிரைம்95-ஐ அரை மணி நேரம் ஓட்டி, பக்கத்தில் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வையுங்கள். ஐ5-8400 அந்தச் சுமையிலும் 2.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெப்பம் எழுபதில் இருக்கும்போதே வேகம் 0.8-க்கு விழுந்து அங்கேயே நின்றால், பவர் பகுதியிலிருந்து ‘சூடாகிவிட்டது’ என்று பொய்த் தகவல் போகிறது. பழுது பார்த்த போர்டுகளில் அடிக்கடி வருகிற கோளாறு இது. போட்டோஷாப் ஏன் ஊர்கிறது என்று தெரியாமல் மாதக்கணக்கில் ரேமைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாவற்றையும் விட நம்பகமான சோதனைக்கு ஒரு மென்பொருளும் வேண்டாம். ராத்திரி சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிட்டு, காலையில் முதல் அழுத்தலில் ஆன் ஆகிறதா என்று பாருங்கள். சூடு வைத்து ஒட்டிய சிப், போர்டு குளிர்ந்து கிடக்கும்போதுதான் தொடர்பு விட்டுப்போகும். இரண்டு, மூன்று தடவை அழுத்தினால்தான் காலையில் எழுகிறது, ஒரு முறை சூடாகிவிட்டால் மாலை வரை பிரச்சினையே இல்லை என்றால் அன்றைக்கே கடைக்கு எடுத்துப் போங்கள். இதற்காகத்தான் சீசன் தொடங்கப் பத்து நாளாவது இருக்கும்போதே போர்டை வாங்கிவிட வேண்டும்.

விலை கொஞ்சம்தான் கூடுகிறது என்றால் எச்310-க்குப் பதிலாக பி360 அல்லது பி365 ரீஃபர்பிஷ்ட் கேளுங்கள். எச்310-இன் சிப்செட் பிசிஐஇ 2.0 என்ற பழைய இணைப்பு வேகத்தோடு நின்றுவிடும்; பின்னால் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட நினைத்தால் அதன் வேகத்தில் பாதியைக்கூட எடுக்காமல் போகலாம். பி வரிசையில் அந்தத் தடை இல்லை.

இனி அந்த 4,300 ரூபாய் போர்டு. வாரண்டி ஒரு வருஷம், பெட்டி புதுசு, ஐஓ ஷீல்டும் உள்ளே இருக்கும். இருந்தும் ஏன் வேண்டாம்? காலாவதியான சிப்செட்டில் இன்று புதிதாகச் செய்து வரும் மலிவு போர்டுகளில், போர்டு புதுசாக இருக்கும். சிப்செட் பெரும்பாலும் பழைய போர்டுகளிலிருந்து கழற்றி மீண்டும் பதித்தது. ஆக அதுவும் ஒரு வகையில் ரீஃபர்பிஷ்ட்தான், சொல்லாமல் விற்கிறார்கள். பவர் பகுதியில் சிக்கனம் பிடித்திருப்பார்கள். பயாஸ் அப்டேட் என்று ஒன்று வரவே வராது. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்ய பயாஸில் பிடிடி என்ற அமைப்பு வேண்டும். சில மாடல்களில் அது இருக்காது. பில்லிங் மட்டும் போடுகிற கடைக்கு இந்த போர்டு போதும் என்று சொல்லலாம். மணிக்கணக்கில் ஆல்பம் எக்ஸ்போர்ட் போடும் இடத்துக்குச் சொல்ல மாட்டேன்.

விண்டோஸ் 11 பேச்சு வந்ததால் ஒன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்து. ஐ5-8400 அந்தக் கோட்டை அப்போதுதான் தாண்டி நிற்கிறது, அதனால்தான் அதற்குப் பழைய போர்டு தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஐ5-7400 ஆக இருந்திருந்தால் ரீஃபர்பிஷ்ட் போர்டு பற்றி இவ்வளவு எழுதியிருக்கவே வேண்டாம்.

பிராசசர் செத்திருந்தால் எச்610. ஐ3-12100-இல் நாலு கோர்தான் என்று தயங்காதீர்கள், எட்டு திரெட் உண்டு. போட்டோஷாப் வேலையில் உங்கள் ஆறு கோர் ஐ5-ஐ விடத் துடிப்பாகவே இருக்கும். பெரிய கம்பெனி போர்டு என்றால் பொதுவாக மூன்று வருஷ வாரண்டி. ஆனால் வாங்கும்போது மூன்று விஷயத்தில் ஏமாறக் கூடாது. எச்610 போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் வருகிறது. ரேம் விலை விற்கிற விலையில் உங்கள் 16 ஜிபியை வீணாக்காமல் டிடிஆர்4 மாடலையே கேளுங்கள். பிராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டிஸ்ப்ளேயே வராது. பழைய கூலர் பொருந்தாது, எல்ஜிஏ1700-இன் திருகு ஓட்டைகள் தள்ளி இருக்கும். எனவே கூலரோடு வரும் பாக்ஸ் பிராசசராக வாங்குங்கள், ட்ரே என்று தனியாகத் தருவது வேண்டாம்.

பில்லில் போர்டின் மாடல், சீரியல் நம்பர், வாரண்டி மாதம், ‘பழுது பார்த்து அல்ல, மாற்றித் தரப்படும்’ என்ற வரி ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல்லுக்கு ஜிஎஸ்டி பில்லில் இடமில்லை.

எஸ்எஸ்டியை அப்படியே மாற்று போர்டில் மாட்டினால் விண்டோஸ் பெரும்பாலும் எழுந்துவிடும். எழாமல் நீலத்திரை வந்தால் பயாஸில் சாட்டா அமைப்பு ஏஎச்சிஐ-இல் இருக்கிறதா, ரெய்டில் இருக்கிறதா என்று பாருங்கள்; முன்பு எது இருந்ததோ அதுவே இப்போதும் இருக்க வேண்டும். விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் போட்டிருந்தால் எச்610-இல் எஸ்எஸ்டியையே பூட் சாதனமாகக் காட்டாது. விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்ற வேண்டும், அதற்கு முன் ஆல்பங்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்தாக வேண்டும். ரீடெய்ல் (தனியாக வாங்கிய) விண்டோஸ் லைசென்ஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் ஹார்ட்வேர் மாற்றியதாகச் சொல்லிப் புது போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓஇஎம் (கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது) என்றால் பழைய போர்டோடு போயிற்று. டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் போர்டு மாறியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று செல்போனிலேயே இன்றைக்கே பார்த்து, எழுதி வைத்துக்கொண்ட பிறகு சர்வீஸ்காரரிடம் எஸ்எஸ்டியைக் கொடுங்கள்.